இரண்டாவது கோடு

காசோலையின் அடியில் இரண்டு கோடுகள் உண்டு.
முதல் கோட்டில் திம்மராயன் ஏற்கனவே இருந்தார்,
பச்சை மையில், வாலை நீட்டிக்கொண்டு.
பச்சை மைக்கு அவருக்கு உரிமை இல்லை.
யாரும் கேட்டதில்லை.
இரண்டாவதில் நான் இன்னும் இல்லை.

இரவு ஒன்பதரை. பாலக்கோட்டு மண்டியிலிருந்து
காலிப் பெட்டிகளோடு வண்டி அப்போதுதான் திரும்பியிருந்தது.
என் விரல்களில் தக்காளிக் காம்பின் கறை,
சோப்புக்கும் போகாத பச்சை.

"வெறும் கையெழுத்துதானே சின்னபாப்பா.
தலைவர் நானே போட்டாச்சு. அப்புறம் என்ன?"

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்,
எருக்கனஅள்ளி ஏரியில் தூர் வாரியதற்கு.
அந்தக் கரைமேல்தான் தினமும் மண்டிக்குப் போகிறேன்.
சீமைக் கருவேலம் வேரோடு நிற்கிறது.
போன கோடையில் செத்த எருமையின் எலும்பு
இடம்கூட மாறவில்லை.

மண்டியில் ஒரு பழக்கம் உண்டு:
பெட்டி எண்ணுகிறவன் விலை சொல்லக்கூடாது,
விலை சொல்கிறவன் தராசைத் தொடக்கூடாது.
எல்லாம் ஒரே கை என்றால்
விளைவித்தவன் பையில் சீட்டு மட்டும் மிஞ்சும்.
எவனும் திருடன் என்பதால் அல்ல.
விடிகாலை நாலு மணித் தூக்கக் கலக்கத்தில்
நல்ல கையும் தன் பக்கம்தான் சாயும்.

போடவில்லை.

பதினேழு நாள் எங்கள் தெருவிளக்கு எரியவில்லை.
ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் சந்துக்கு மட்டும்
வழி மறந்தது. மறுபடி பழைய போர்த் தண்ணீர்,
பிள்ளைகள் பல்லில் மஞ்சள் எழுதுகிற தண்ணீர்.

கிராம சபையில் ஒலிபெருக்கியைப் பிடித்துச் சொன்னார்:
"என்னைத் தேர்ந்தெடுத்தது ஊர்.
துணைத்தலைவரைத் தேர்ந்தெடுத்தது ஒன்பது பேர்."
உண்மைதான்.
ஊர் போட்ட ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில்
ஒன்று என்னுடையது.
ஏரியைக் காட்டுங்கள் என்று கேட்க
அதை நான் திருப்பி வாங்க வேண்டியதில்லை.

மனு தருமபுரிக்குப் போனது.
ஆட்சியராலும் ஒரே வரியில் முடிக்க முடியாதாம்:
நோட்டீஸ், அதற்கு அவர் விளக்கம்,
தாசில்தார் கூட்டுகிற கூட்டம், அதன் குறிப்பு.
ஐந்து மாதம்.
கண்ணெதிரே எருமை எலும்பு, எதற்கு இத்தனை காகிதம் என்று
செயலர் சென்னகேசவனிடம் கத்தினேன்.
அவர் கோப்பின் நாடாவை அவிழ்த்துக் கட்டினார்.
பதில் சொல்லவில்லை.

பிறகு அந்த நாற்காலி எனக்கு வந்தது.
சக்கரத்தில் ஒன்று சுற்றாது.
மற்றபடி சௌகரியம்.

கார்த்திகை மழையில் சின்னாறு புரண்டு
குடிநீர்க் குழாய் இரண்டு இடத்தில் பிளந்தது.
ஆட்கள் வந்தார்கள், தோண்டினார்கள், சரிசெய்தார்கள்.
இரண்டாவது கோடு இப்போது மாதப்பனுடையது,
திம்மராயனின் தூரத்துப் பங்காளி,
இரண்டாம் வார்டு, கண்ணாடியைத் தேடியே பாதி நாள் போக்குகிறவன்.

மூன்று நாளாகக் கூலி நிற்கிறது.
இரவில் அவன் வீட்டுக்கே போனேன்.
"அளவுப் புத்தகம் எங்கக்கா?"
நாளைக்குத் தருவார்கள் என்றேன்.
அவன் எழுந்திருக்கவில்லை.
நான் சொன்னேன்:
வெறும் கையெழுத்துதானே மாதப்பா.

சொன்ன குரலை எனக்குத் தெரியும்.
ஒன்பதரை மணிக்கு என் வாசலில் நின்ற குரல்.

குழாய் நிஜமாகவே உடைந்திருந்தது.
வேலை நிஜமாகவே நடந்திருந்தது.
ஒரு பைசா என் முந்தானையில் இல்லை.
இதையெல்லாம் அவன் நம்பவேண்டிய கட்டாயம் இல்லை.

"பள்ளத்தைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று
டார்ச்சைத் தட்டித் தட்டி எரியவைத்து
வரப்பில் இறங்கினான்.
எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன்.
கொசு வேறு.
பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.
வெளிச்சம் புளியமரம் தாண்டி
ஓரிடத்தில் நின்றது. குனிந்தது.
இன்னும் கொஞ்சம் குனிந்தது.